ஊன்றுகோல் தந்த தோழமை
(கடனில் வீழ்ந்த நண்பனுக்கு நாம் ஆற்றவேண்டிய பணி)

தேர்த் திருவிழாவன்று வடம் பிடிக்கும்போது இவர் செல்வர், இவர் கடன்காரர் என்று எவரும் பார்ப்பதில்லை. எல்லாக் கைகளும் ஒரே வடத்தையே பற்றியிருக்கும். ஆனால் தேர் இருப்பிடம் சேர்ந்து, கொடியிறங்கி, அவரவர் தத்தம் வீடு திரும்பிய பின்னர், வியாபாரத்தில் நொடித்துப்போன ஒருவர் ஊருக்குள்ளேயே தனித்துப் போய்விடுகிறார். கடைக்கு வந்து மணிக்கணக்காகப் பேசியிருந்தவர்கள் மறுபக்கத்து ஒழுங்கையால் போகிறார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, கோயிலுக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்றதைத் தொடர்ந்து, வடபகுதியில் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நகரந்தோறும் கிளைகளைத் திறந்தன. முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், லொறி, கடைக்கட்டடம் என எல்லாமே தவணைப் பணத்தில் கைக்கு வந்தன. 2020இல் கொரோனாத் தொற்றினால் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. பொருள்களின் விலை ஏறியது. வாங்குவோரின் கை சுருங்கியது. அந்தச் சுமையிலிருந்து இன்னும் நிமிர முடியாத சிறு வியாபாரிகள் எமது கிராமங்களில் பலர் உளர். இத்தகைய ஒருவருக்கு உற்ற நண்பராக இருப்பவர் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைச் சைவநெறியின் வெளிச்சத்திலும், இன்றைய நடைமுறையின் துணையோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தம்பிரான் தோழர் காட்டும் பாடம்

நாயன்மார்களுள் இறைவனையே தோழனாகப் பெற்றவர் சுந்தரமூர்த்தி நாயனார். ஈழத்துத் திருக்கேதீச்சரத்தின் மீதும் பதிகம் பாடியருளிய அப்பெருமானின் குருபூசையை ஆண்டுதோறும் ஆடிச் சுவாதியில் எமது ஆலயங்களில் கொண்டாடுகின்றோம். தோழனுக்குத் தோழன் எவ்வாறு உதவவேண்டும் என்பதற்கு அவருடைய வரலாற்றிலும் மேலான இலக்கணம் வேறில்லை.

திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், திருவாரூர் நினைவு மேலிட அச்சத்தியத்தை மீறி ஊரெல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பிழை அவருடையது. தோழன் என்பதற்காக இறைவன் அப்பிழையை இல்லையென்று ஆக்கிவிடவில்லை. ஆயினும் தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து நின்றவருக்கு ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தருளினார். பின்னர் காஞ்சியிலே இடக்கண்ணையும், திருவாரூரிலே வலக்கண்ணையும் தந்தருளினார். பார்வை வரும்வரை நடப்பதற்கு ஒரு கோல் வேண்டும் என்பது அத்தோழனுக்குத் தெரிந்திருந்தது.

அத்துடன் முடியவில்லை. சினங்கொண்டிருந்த பரவையாரின் ஊடலைத் தீர்ப்பதற்காக, நள்ளிரவிலே திருவாரூர் வீதியில் இறைவன் தாமே தூது நடந்தார். முதன்முறை அர்ச்சகர் வடிவில் சென்றபோது பரவையார் மறுத்துவிட்டார். தூது தோற்றதே என்று ஒதுங்காமல் இரண்டாம் முறையும் சென்று, காரியத்தை முடித்துக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம்.

குண்டையூரிலே மலைபோல நெல் கிடைத்தபோதும் இதே நிலைதான். நெல் கிடைத்துவிட்டது; அதைத் திருவாரூருக்குக் கொண்டுசேர்க்க ஆளில்லை. சுந்தரர் திருக்கோளிலியில் வேண்ட, பூதகணங்கள் இரவோடிரவாகச் சுமந்துவந்து சேர்த்தன. கொடுத்தல் ஒன்று, கொடுத்ததைப் பயன்படும் இடத்திற் சேர்த்தல் வேறொன்று.

ஆக இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்வன மூன்று. பிழையை மூடிமறையாமல் ஊன்றுகோல் கொடுத்தல் முதலாவது. நண்பனுக்காக வேறொருவர் வாசலுக்கு நடத்தல் இரண்டாவது. செய்யும் உதவி உரிய இடத்தைச் சென்றடையும்படி பார்த்தல் மூன்றாவது. கடன்பட்ட நண்பனுக்குச் செய்யவேண்டியன யாவும் இம்மூன்றனுள் அடங்கும்.

முதலில் அருகில் இருத்தல்

கடனில் வீழ்ந்தவர் முதலில் இழப்பது பணத்தையல்ல, பேச்சை. தொலைபேசி ஒலித்தால் எடுக்கமாட்டார். வந்த கடிதங்களை உடைக்காமலே மேசை லாச்சியினுள் போட்டுவிடுவார். மனைவிக்கும் முழுக்கணக்கைச் சொல்லியிருக்கமாட்டார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற வட்டியில் மற்றொரு கடன் என்று இரகசியமாகவே கடன் வளரும்.

இந்நிலையில் உள்ளவரிடம் “எவ்வளவு கடன்?” என்று நேரே கேட்பதைவிட, “அண்ணை, பின்னேரம் வாறன், இருந்து கதைப்பம்” என்று சொல்லிப் போய் இருப்பதே மேல். சென்றால் உபதேசம் வேண்டாம். “அப்பவே சொன்னனான்” என்ற வார்த்தை அறவே வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் இவற்றிலும் முக்கியமானது. ஊரில் ஒருவருக்கு நட்டம் என்ற கதை பரவிய மறுநாளே, சரக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் நிற்பார்கள். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடையும் அப்போது ஆறு நாளில் பூட்டப்பட்டுவிடும்.

ஒன்றை இங்கு மறைக்காமற் சொல்லவேண்டும். கடனுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட குடும்பத் தலைவர்களின் செய்திகளை நாம் பத்திரிகைகளில் படிக்கின்றோம். “நான் இல்லாவிட்டால் இவர்களுக்குக் கரைச்சல் இல்லை” என்ற விதமாக ஒருவர் பேசத் தொடங்கினால், அதை விளையாட்டுப் பேச்சாக எடுக்கக்கூடாது. அவரைத் தனியே விடாது, வீட்டாருக்கு அறிவித்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். கடனுக்குத் தவணை கேட்கலாம். போன உயிருக்குத் தவணை இல்லை.

கணக்கை விரித்து வைத்தல்

சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் ஓர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று வழக்குரைத்தார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மூல ஓலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்பே தீர்ப்புச் சொன்னார்கள். இறைவன் கொண்டுவந்த ஆவணமே சோதிக்கப்பட்டது என்றால், எமது கடன் ஆவணங்களை நாம் வாசித்துப் பாராதிருப்பது எவ்வளவு பேதைமை!

எனவே நண்பர் சம்மதித்தால், ஒரு நாள் அவரும் மனைவியும் கூட இருக்க, எல்லாக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் பற்றுச்சீட்டுகளையும் மேசையில் பரப்பி ஒரு கொப்பியில் எழுதவேண்டும். யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எதை ஈடு வைத்தது, யார் பிணை, அடுத்த திகதி எப்போது என்ற ஆறு கேள்விகளுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் விடை எழுதவேண்டும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கட்டடப் பொருள் விற்கும் ஒருவருக்கு வீட்டுச்செலவு போக மாதம் 180,000 ரூபா மிஞ்சுகிறது எனக் கொள்வோம். அவருடைய கடன்கள் வருமாறு:

1. லொறிக்கு லீசிங் மிகுதி 42 இலட்சம். மாதத் தவணை 98,000 ரூபா.
2. வீட்டை ஈடுவைத்து வங்கியில் பெற்ற கடன் 60 இலட்சம். மாதத் தவணை 85,000 ரூபா.
3. தனியார் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு 8 இலட்சம். மாத வட்டி மட்டும் 40,000 ரூபா.
4. எடுத்து முடித்த சீட்டுக்குக் கட்டவேண்டியது மாதம் 20,000 ரூபா.
5. மொத்த வியாபாரிகளுக்குப் பிற்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகள் 11 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா.

முதல் நான்குக்கும் மாதம் 243,000 ரூபா வேண்டும். கையில் வருவதோ 180,000. காசோலைகளைத் தொடுமுன்னரே மாதந்தோறும் 63,000 ரூபா குறைகிறது. இப்போது ஒரு நண்பர் இரக்கப்பட்டு 3 இலட்சம் ரூபா கைமாற்றாகக் கொடுக்கிறார் என வைப்போம். அப்பணம் இந்த ஓட்டையை ஐந்து மாதத்துக்குக்கூட அடைக்காது. ஐந்தாம் மாதம் கடனும் அப்படியே இருக்கும், நண்பரின் 3 இலட்சமும் போயிருக்கும், இருவரும் முகம் பாராதவர்களும் ஆகியிருப்பார்கள். நட்பின் பேரால் செய்யப்படும் உதவிகள் பல இவ்வாறே வீணாகின்றன.

அதே கணக்கை வேறு விதமாகப் பாருங்கள். லீசிங் கொம்பனியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு லொறியை அவரே 50 இலட்சத்துக்கு விற்கிறார். 42 இலட்சம் கொம்பனிக்குப் போக மிஞ்சிய 8 இலட்சத்தால் நூற்றுக்கு ஐந்து வட்டிக் கடன் முழுவதும் தீர்கிறது. லொறி இல்லாமையால் ஏற்றுகூலி கூடி, வருமானம் 140,000 ஆகக் குறைகிறது. ஆனால் கட்டவேண்டியது 105,000 மட்டுமே. மிகுதி 35,000 ரூபாவை மாதந்தோறும் மொத்த வியாபாரிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால் 33 மாதங்களில் அந்தக் கடனும் தீரும். வீடும் கடையும் தப்புகின்றன. லொறியில் எழுதியிருந்த குடும்பப் பெயரை இழக்க மனம் வராது என்பது உண்மையே. அதைச் சொல்லித் தேற்றுவதற்குத்தான் நண்பர் வேண்டும்.

எல்லாருடைய கணக்கும் இவ்வளவு இலகுவாகத் தீராது. ஆயினும் எழுதிப் பார்த்தால்தான் எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிடவேண்டும் என்பது தெரியவரும். உயிர், குடியிருக்கும் வீடு, பிள்ளைகளின் படிப்பு, தொழில் செய்யும் கருவி என்ற வரிசையில் காப்பாற்றவேண்டும்.

கூடவே நடத்தல்

கணக்கு எழுதியானபின் அடுத்த பணி தூது. தவணை தவறுவதற்கு முன்பு சென்று பேசுபவருக்கும், மூன்று மாதம் ஒளித்திருந்துவிட்டுப் பேசுபவருக்கும் கிடைக்கும் மரியாதையில் பெரும் வேறுபாடு உண்டு. வங்கி முகாமையாளரிடம் கணக்குக் கொப்பியோடு சென்று, “இவ்வளவுதான் என்னால் மாதம் கட்ட முடியும், காலத்தை நீடித்துத் தாருங்கள்” என்று கேட்பது பிச்சையன்று. அதற்குக் கடன் மறுசீரமைப்பு என்று பெயர். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி எமது நாடே வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. பின்னர் கடன் கொடுத்தோருடன் பேசிப்பேசித்தான் தவணைகளை மாற்றியமைத்தது. அரசுக்கு இழிவில்லாத ஒன்று ஒரு கடைக்காரருக்கு இழிவாகுமா?

நண்பர் கூடச் செல்வதால் இரு நன்மைகள் உண்டு. கலக்கத்தில் இருப்பவர் கேட்க மறந்ததை மற்றவர் கேட்பார். சொல்லப்பட்டதை நினைவில் வைத்துக் குறித்துக்கொள்வார். என்ன இணக்கம் ஏற்பட்டாலும் அதனை எழுத்திற் பெறவேண்டும். முதன்முறை மறுத்தாலும் மேலதிகாரிக்கு எழுதி மறுபடியும் செல்லவேண்டும். பரவையார் வீட்டுக்கு இருமுறை நடந்த திருவடிகளை நினைத்துக்கொண்டால் எமக்கு நாணம் வராது.

மத்திய வங்கியின் ஒழுங்குவிதிக்கு உட்பட்ட நிறுவனம் ஒன்று முறைகேடாக நடந்தால், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, தீர்வு கிடைக்காவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935 ஆகும். தனியாரிடம் பட்ட கடன் பிணக்குகளை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க வழியுண்டு. காணியை ஈடுவைத்தோ, குறித்த காலத்துள் பணத்தைத் திருப்பினால் மீள எழுதித் தருவதாக நிபந்தனை உறுதி எழுதியோ தனியாரிடம் கடன்பட்டவர்களுக்காக, 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் இணக்கச் சபை கொழும்பில் இயங்குகின்றது. உறுதியிற் குறித்த காலம் கடக்குமுன் விண்ணப்பிப்பதே புத்தி. வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகளை நாடலாம்.

வாகனமும் வீடும்

லீசிங் வாகனம் ஓடுபவரின் பெயரில் இருந்தாலும், முழுமையான உரிமையாளராகக் கொம்பனியே பதியப்பட்டிருக்கும். தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வாகனத்தை மீட்டெடுக்கும் உரிமையை ஒப்பந்தமே கொடுத்துவிடுகிறது. இதனை அறியாது வாகனத்தை உறவினர் வளவில் ஒளித்துவைப்பதும், பகுதி பகுதியாகக் கழற்றி விற்பதும், இன்னொருவருக்கு அடைவு வைப்பதும் கடனோடு குற்ற வழக்கையும் தேடித்தரும். அதேவேளை, வீதியில் மறித்து அடித்துப் பறிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அத்தகைய சந்தர்ப்பத்தில் கைகலப்பில் இறங்காமல், வந்தவர்களின் அடையாளத்தையும் கடிதத்தையும் கேட்டு, பொலிஸ் நிலையத்தில் முறையிடுவதே தகும்.

வாகனம் போய்விட்டால் கடனும் போய்விட்டது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. கொம்பனி அதனை விற்ற விலை மிகுதிக் கடனுக்குக் குறைவாயின், குறையையும் இழுத்துச்சென்ற செலவையும் தரிப்பிடச் செலவையும் கேட்டு வழக்கு வரலாம். மேற்சொன்ன லொறி ஏலத்தில் 36 இலட்சத்துக்குப் போனால் 6 இலட்சம் கடன் எஞ்சும், வாகனமும் இராது. முன்கூட்டியே தாமாக விற்பது ஏன் மேலானது என்பது இதிலிருந்து விளங்கும்.

வீட்டைப் பொறுத்தவரை இன்னும் விழிப்பு வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடுவைத்த ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே தனது பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் மூலம் ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரமுண்டு. பராட்டே என்று பேசப்படுவது இதுவே. பொருளாதார நெருக்கடி காரணமாக 2024இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டு, அவ்விடைநிறுத்தம் பின்னர் 2025 மார்ச் வரை நீடிக்கப்பட்டது. நிரந்தரமாக நீக்கப்பட்டதென எண்ணிக் கவலையீனமாக இருத்தலாகாது. தீர்மானமும் ஏல அறிவித்தலும் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளிவரும். ஆகவே வங்கியிலிருந்து வரும் பதிவுத்தபாலை உடைக்காமல் வைப்பதே பேராபத்து. அக்கடிதத்தோடு அன்றே சட்டத்தரணியிடம் போகவேண்டும்.

மனைவியின் சீதனக் காணியைக் கடைசி நேரத்தில் அவசரமாக ஈடுவைக்கச் செய்வது எமது ஊர்களில் நிகழும் மற்றொரு துயரம். கணக்கு முழுவதையும் அறியாமல் அந்தச் சகோதரியை நொத்தாரிசு முன் கையொப்பமிட வைக்கும் முயற்சிக்கு உண்மையான நண்பர் ஒருபோதும் துணைபோகக் கூடாது. குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே நிலம் அதுவாக இருக்கலாம்.

கைமாற்றும் பிணையும்

திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தை வைத்தமை சிந்திக்கத்தக்கது. அன்பும் ஆராய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பணம் கொடுப்பதாயின், திரும்பி வராவிட்டாலும் எமது குடும்பம் தளம்பாத தொகையையே கொடுக்கவேண்டும். கொடுப்பதையும் ஒரு முழுக் கடனைத் தீர்ப்பதற்கோ, நகையை மீட்டு விற்பதற்கோ, பிள்ளையின் கல்விக்கோ என்று குறித்துக் கொடுக்கலாம். குண்டையூர் நெல்லைப்போல அது சேரவேண்டிய இடத்திற் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். கடன்கொடுத்தவரிடம் நேரே செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்வது இருவருக்கும் நல்லது. கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்பும் எம்முறவுகளும் இதனைக் கவனத்தில் எடுத்தல் நன்று.

பிணை நிற்பது கைமாற்றிலும் பாரதூரமானது. பிணையாளி வெறும் சாட்சியல்லர். கடன்பட்டவர் கட்டாவிடின் முழுத்தொகையையும் அவரிடமே கேட்கலாம். அவருடைய பெயரும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறி, நாளை தம் பிள்ளையின் தேவைக்குக் கடன் கேட்கும்போது தடையாக நிற்கும். “ஒரு கையெழுத்துத்தானே” என்று கேட்கும் நண்பரிடம், “கையெழுத்து வைக்கமாட்டேன், ஆனால் நாளைக்குக் காலையில் உம்மோடு வங்கிக்கு வருகிறேன்” என்று சொல்வது நட்பை முறிக்காது. ஏற்கெனவே பிணை நின்றவர்கள் இருந்தால், அவர்கள் வழக்குக் கடிதத்தின் மூலம் செய்தியை அறியவிடாமல், கடன்பட்டவரே சென்று நிலைமையைச் சொல்லும்படி செய்யவேண்டும்.

வெற்றுக் காசோலையிலும், தொகை எழுதாத கடனுறுதிச் சீட்டிலும் நண்பரைக் கையொப்பமிட விடக்கூடாது. கணக்கிற் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றமாகும். முன்னர் கொடுத்த பிற்திகதிக் காசோலைகள் இருந்தால், திகதி வருமுன் வியாபாரியிடம் சென்று தவணை கேட்டு, அவற்றை மீளப்பெற முயலவேண்டும். சரக்குக் கொடுத்தவரும் ஒரு வியாபாரிதான். அவருக்கும் வீடு உண்டு என்பதை மறத்தலாகாது. கடன்பட்டவரைக் காப்பது என்பது கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதன்று. கொடுத்த வாக்குக்காகத் தன்னையே விற்ற அரிச்சந்திரனின் கதையை விடிய விடியக் கூத்தாகப் பார்த்து வளர்ந்த சமூகம் நாம்.

வங்குரோத்து என்னும் கடைசி வாசல்

எல்லாம் செய்தும் தீராத கடன்களும் உள. தனிநபரின் வங்குரோத்து நிலையைக் கையாளும் கட்டளைச் சட்டம் 1853ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேயர் ஆட்சியில், இந்நாட்டில் இயற்றப்பட்டது. மாவட்ட நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒருவருடைய ஆதனங்களைத் திரட்டிக் கடன்கொடுத்தோர் அனைவருக்கும் பங்கிடுவதே அதன் அடிப்படை. கம்பனிகளை ஒடுக்குதல் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் வழி நடைபெறுகின்றது. தனிப்பெயரில் வியாபாரம் செய்பவருக்குக் கடையின் கடனும் தம் கடனே. வரையறுத்த கம்பனியாயின் கடன் கம்பனியுடையது. ஆனால் பணிப்பாளர் தனிப்பட்ட முறையில் பிணை எழுதியிருந்தால் அப்பாதுகாப்புப் பயனற்றுப் போகும்.

இந்த வாசலை ஒரு தப்பியோடும் பாதையாக எண்ணக்கூடாது. அழிவு என்றும் எண்ணவேண்டியதில்லை. சட்டத்தரணியின் ஆலோசனையின்றி அதற்குள் நுழைவதும், அதற்கு முதல் நாள் சொத்துகளை உறவினர் பெயருக்கு மாற்றுவதும் பெருந்தவறுகள். கடை மூடப்பட்டாலும் அதை நடத்தியவரின் தொழிலறிவு மூடப்படுவதில்லை. இருபது ஆண்டுகள் கடை நடத்தியவருக்குக் கணக்கும் சரக்கும் மனிதரும் தெரியும். மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை தேடிக்கொடுப்பதும், வேலை கொடுப்பவரிடம் அவருக்காக ஒரு வார்த்தை சொல்வதும் அந்த நேரத்தில் ஊன்றுகோலேயாகும்.

ஆலயமும் ஊரும் செய்யக்கூடியவை

எமது ஆலயங்களில் திருவிழா உபயங்கள் பரம்பரையாகக் குடும்பங்களுக்கு உரியவை. வியாபாரம் நொடித்த ஆண்டிலும் மேளம், அலங்காரம், அன்னதானம் ஒன்றும் குறையக்கூடாது என்று, வட்டிக்குப் பணம் வாங்கி உபயம் செய்வோர் உளர். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பரிபாலன சபையினர் இதனைக் குறிப்பறிந்து, அக்குடும்பத்தின் உரிமையும் பெயரும் அப்படியே இருக்க, செலவைச் சுருக்கிக்கொள்ளவோ உறவினருடன் பகிர்ந்துகொள்ளவோ தாமாகவே இடமளிக்கவேண்டும். அதனை ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தேவையில்லை.

சைவநெறியில் சரியைத் தொண்டுக்குப் பணம் வேண்டியதில்லை. திருவீதி கூட்டுதலும், பூமாலை கட்டுதலும், திருவிளக்கிடுதலும் செல்வரின் உபயத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. இளையான்குடிமாற நாயனார் செல்வம் அனைத்தும் குன்றி, விதைத்த நெல்லை வாரிவந்து அடியாருக்கு அமுதூட்டிய நிலையிலும் நாயனாராகவே போற்றப்படுகின்றார். அவ்வாறிருக்க, கடன்பட்டவர் ஒருவர் ஆலயத்தினுள் வரக் கூசுவாராயின், அக்கூச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமே. அர்ச்சனைத் தட்டம் இல்லாமல் வருபவருக்கும் அதே திருநீறுதான். சபைக் கூட்டத்தில் அவர் சொல்லும் கருத்துக்கும் அதே மதிப்புத்தான் இருக்கவேண்டும்.

பூப்புனித நீராட்டு விழா, திருமணம், வீடு குடிபுகுதல் முதலியவற்றில் ஒருவரையொருவர் விஞ்சிச் செலவு செய்யும் வழக்கமும் பல கடன்களின் தொடக்கமாகும். வசதியுள்ளவர்கள் முதலில் எளிமையாகச் செய்து காட்டினால், வசதியில்லாதவர்கள் கடன்படாமல் தப்புவார்கள்.

தொகுப்புரை

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கமாக மனத்திற் கொள்வோம்.

1. முதலில் சென்று அருகில் இருங்கள். கேட்டதை வெளியில் விடாதீர்கள்.
2. கணவனும் மனைவியும் கூட இருக்க, எல்லாக் கடனையும் எழுதுங்கள்.
3. திகதி தவறுமுன் கடன் கொடுத்தவரிடம் கூடவே செல்லுங்கள். இணக்கத்தை எழுத்திற் பெறுங்கள்.
4. பறிபோகுமுன் தாமாக விற்கக்கூடியதை விற்று வீட்டைக் காப்பாற்ற உதவுங்கள்.
5. தாங்கக்கூடியதை மட்டும் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிணை நிற்காதீர்கள்.
6. கடை போனாலும் மனிதரை ஊரோடும் ஆலயத்தோடும் சேர்த்தே வைத்திருங்கள்.

கடன் முழுவதையும் தீர்த்துவிடும் வல்லமை எம்மில் எவருக்கும் இல்லை. தட்டுத்தடுமாறி நடப்பவர் கையில் ஒரு கோலைக் கொடுப்பதும், அவரோடு இரண்டு வாசல்களுக்கு நடப்பதும் எவராலும் இயலும். அடுத்த ஆண்டுத் தேர்த் திருவிழாவில் அவரும் எம்மோடு நின்று வடம் பிடிக்க, எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.